காத்துக்கு எவன் நோட்டீசு குடுப்பான்?

ஏய்யா தம்பி, உனக்குச் சுற்றுச்சூழல் கம்பெனியில வேலை கிடைச்சிருச்சாமே. உங்கம்மா தெருவெல்லாம் மிட்டாய் குடுத்துட்டு வந்தா. எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சும் ரெண்டு வச்சுட்டுப் போனா. என்ன வேலைன்னு கேட்டேன். ஊர் ஊராப் போயி மக்கள்கிட்ட கருத்துக் கேக்குற வேலைன்னா. நல்ல வேலைய்யா. அடுத்தவன் சொல்றதைக் கேக்குறதுக்குக் காசு வாங்குறவன் நாட்டுல ரெண்டே பேருதான். ஒருத்தன் சோசியக்காரன், இன்னொருத்தன் நீ. அவனாவது கேட்டுட்டு ஒரு பதில் சொல்லுவான்.

உக்காரு. வேலையில சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு தொழில் ரகசியம் சொல்லி அனுப்புறேன். நான் எட்டாங்கிளாசுதான். ஆனா மக வீட்டோட அமெரிக்காவுல ஐடகோ மாநிலத்துல இருந்துட்டு வந்தவன். பேரப்பிள்ளையைப் பாத்துக்கிட்டது போக மிச்ச நேரமெல்லாம் ஒரே கதையைத்தான் விசாரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். பட்டாளத்துக் கதிரியக்கக் குப்பையை எரிக்கிறதுக்குக் கருத்துக் கேட்ட கதை. மருமகப்பிள்ளை வாசிச்சு வாசிச்சுச் சொல்லுவாரு. அவரு அலுத்துப்போயித் தூங்குனாலும் நான் விடமாட்டேன். உன் தொழிலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஐடகோவுல ஆர்க்கோன்னு ஒரு ஊரு. தலையை எண்ணுனா ஆயிரம் தேறுனா அதிகம். ஊருக்குப் பின்னாடி மலையில, பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைக வருசா வருசம் அந்தந்த வருசத்தைப் பெரிசாப் பெயிண்டுல எழுதி வச்சிருக்காக. கடலு எங்கயோ கிடக்கு, ஆனா ஊருக்குள்ள ஒரு நீர்மூழ்கிக் கப்பலோட மேல்கோபுரம் கன்னங்கரேர்னு நட்டமா நிக்குது. அதுல 666-ன்னு நம்பரு. அந்த நம்பரு அவுகளுக்குச் சாத்தானோட நம்பராம், அதனால பேய்ப் படகுன்னு செல்லப் பேரு. அமெரிக்கக் கடற்படைக்காரன் அணு உலை ஓட்டப் பழகுனது அந்தப் பொட்டக்காட்டுலதான். 1955-ல் உலகத்துலயே முதன்முதலா அணு மின்சாரத்துல விளக்கெரிஞ்ச ஊரு நாங்கதான்னு போர்டு வேற. எம்புட்டு நேரம் எரிஞ்சுதுன்னு விசாரிச்சேன். ஒரு மணி நேரமும் சொச்சமுமாம். நம்ம ஊர்ல அம்புட்டு நேரம் கரண்டு போனாத்தான் பேச்சாகும். அங்க வந்ததுக்கே போர்டு வச்சுட்டாக.

ஆர்க்கோவுக்குக் கிழக்க 2,300 சதுர கிலோமீட்டர் வெறும் புதர்க்காடு. 1949-ல் அரசாங்கம் அதை வளைச்சுப் போட்டு அணு உலைகளைக் கட்டிக் கட்டிச் சோதிச்சுது. அம்பதுக்கும் மேல கட்டியாச்சு. 1951 டிசம்பர்ல நாலே நாலு குண்டு பல்பை எரிய வச்ச உலை இப்ப மியூசியமாயிருச்சு, கோடைகாலத்துல காசு வாங்காமக் காட்டுறாக. அதுக்கு வெளிய ரெண்டு பூதாகாரமான எஞ்சினு வெயில்ல நிக்குது. அணு உலையில ஓடுற ஆகாய விமானம் செய்யப் பாத்தாகளாம். ஓட்டுறவன் மேல கதிர் படாம இருக்கணும்னா ஈயத்தைப் போட்டு மறைக்கணும். ஈயத்தைப் போட்டா விமானம் எந்திரிக்காது, எடுத்தா ஓட்டுறவன் எந்திரிக்க மாட்டான். 1961-ல் கென்னடி வந்து போதும்ப்பான்னு நிறுத்துனாரு. அதே வருசம் சனவரியில அந்தக் காட்டுலயே ராணுவத்துச் சின்ன உலை ஒண்ணு வெடிச்சு மூணு பேரு செத்தாக. இதுக்கெல்லாம் எவன்கிட்டயும் கருத்துக் கேக்கலை. கருத்துக் கேக்குற சட்டமே 1970-லதான் நடப்புக்கு வந்துச்சு. உன் தொழிலுக்கு அதுதான் பொறந்த நாளு, குறிச்சு வச்சுக்க.

ஆனா எரிக்கப் பாத்த குப்பை அந்த ஊர்க் குப்பை இல்ல. கொலராடோவுல டென்வர் பக்கத்துல ராக்கி ஃபிளாட்ஸ்னு ஒரு ஆலை இருந்துச்சு. அணுகுண்டோட நெஞ்சுக்குள்ள வைக்கிற புளூட்டோனியக் குண்டை 1952-லருந்து 1989 வரைக்கும் வார்த்த இடம். குண்டு போக மிச்சம் என்ன விழும்? கை உறை, துடைச்ச துணி, பிளாஸ்டிக்கு, உடைஞ்ச சாமான், வடிகட்டி, எண்ணெய்ச் சகதி. பாக்குறதுக்கு நம்ம லேத்துப் பட்டறையில கூட்டித் தள்ளுறதுதான், ஆனா எல்லாத்துலயும் புளூட்டோனியத் தூசி ஒட்டியிருக்கு. 1954-லருந்து அதை ஏத்தி ஏத்தி ஐடகோவுக்கு அனுப்புனாக. 1970 வரைக்கும் குழியை வெட்டித் தள்ளி மண்ணைப் போட்டு மூடுனாக. அந்த மண்ணுக்குக் கீழதான் ஸ்நேக் ஆத்துச் சமவெளியோட நிலத்தடித் தண்ணி கிடக்கு. வண்டி நம்பர் பிளேட்டுலகூட உருளைக்கிழங்குப் பெருமையை எழுதி வச்சிருக்குற மாநிலம் அது. அந்தக் கிழங்கு குடிக்கிற தண்ணி இது. 1970-க்குப் பெறகு கொஞ்சம் புத்தி வந்து, வேணுங்கும்போது எடுக்கலாம்னு பீப்பாயும் பெட்டியுமாத் தரைக்கு மேலயே அடுக்குனாக. அப்படி அடுக்குனதுல சேந்தது 65,000 கன மீட்டரு.

ஊரான் குப்பையை எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? 1988-ல் செசில் ஆண்ட்ரஸ்னு ஒரு கவர்னர், பிளாக்ஃபூட்ங்கிற ஊர்ல குப்பை ஏத்தி வந்த ரயில் பெட்டியை மறிச்சு, இதுக்கு மேல ஒரு பீப்பாய் உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு. மாநிலப் போலீசுக்காரன் பெட்டிக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற படம் ரொம்பப் பிரசித்தம். பெறகு 1995-ல் ஃபில் பாட்ங்கிற கவர்னர் அரசாங்கத்தைக் கையெழுத்துப் போட வச்சாரு. 2018 டிசம்பர் 31-க்குள்ள இந்தக் குப்பை மாநிலத்தைத் தாண்டியிருக்கணும். நல்லாக் கவனி தம்பி, ஐடகோக்காரன் எரின்னு கேக்கலை. எடுத்துட்டுப் போன்னு கேட்டான்.

எடுத்துட்டுப் போறதுக்கு நியூ மெக்சிகோவுல பூமிக்குக் கீழ 655 மீட்டர் ஆழத்துல உப்புப் பாறையைக் குடைஞ்சு ஒரு கிடங்கு தயாராகிக்கிட்டிருந்துச்சு. ஆனா அந்தக் கிடங்குக்காரன் எல்லாத்தையும் வாங்கிக்க மாட்டான். ரசாயன எண்ணெய் கலந்தது ஆகாது, வாயு உண்டாகி உப்புற பீப்பாய் ஆகாது. அதனால அரசாங்கத்துல இருக்குறவுக, ஒரு பகுதியை எரிச்சிருவோம், ரசாயனமும் அழியும் அளவும் குறையும்னு முடிவு பண்ணுனாக. அவுகளை நான் மடையன்னு சொல்லமாட்டேன். டென்னசியில இதே மாதிரிக் கலவைக் குப்பையை எரிக்கிற உலை அப்பவே ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கணக்குப் பாத்துத்தான் வந்தாக.

இனிமே உன் பாடம். கருத்துக் கேக்குறதுல முதல் ரகசியம், எப்பக் கேக்கணுங்கிறது. ஒப்பந்தம் போட்டது 1996 டிசம்பர். ஒரு இங்கிலீசுக்காரன் கம்பெனி, பி.என்.எஃப்.எல். விலை நூறு கோடி டாலருக்கும் மேல. எரிச்சா என்ன ஆகும்னு ஆராய்ஞ்சு, ஊர்க்காரன் கருத்தையும் கேட்டுச் சேத்து, கடைசி அறிக்கை வந்தது 1999 சனவரி. தாம்பூலம் மாத்தி, மண்டபத்துக்கு அட்வான்சு குடுத்து, பந்திக்கு இலைக்கட்டும் வந்து எறங்குன பெறகு, ஏம்மா மாப்பிள்ளை பிடிச்சிருக்கான்னு பொண்ணைக் கேட்ட கதைதான். பொண்ணு வேண்டாம்னா ஒண்ணும் கட்டாயம் இல்ல, ஒப்பந்தத்தைக் கட்டங் கட்டமாத்தான் போட்டிருக்கோம், கட்டுமான வேலை அறிக்கைக்குப் பெறகுதான்னு அவுகளுக்கு ஒரு சமாதானம் உண்டு. சட்டப்படி அது சரிதான். ஆனா மண்டபக்காரன் அட்வான்சைத் திருப்பித் தரமாட்டாங்கிறது பொண்ணோட அப்பனுக்குத் தெரியும்ல?

இன்னொண்ணையும் சொல்றேன் கேளு. மாத்து வழி என்ன இருக்குன்னு அந்த அறிக்கையில எழுதியாகணும், அது சட்டம். எழுதியும் இருந்தாக. நெருப்பே வைக்காம அமுக்கிக் கட்டி அனுப்புற வழியும் அதுல ஒண்ணு. எழுதினாக, வரிசையா அடுக்கினாக, பெறகு நெருப்பையே எடுத்துக்கிட்டாக. ஆகையினால நீயும் மாத்து வழியை மறைச்சிடாதே. பட்டவர்த்தனமா எழுது. எழுதிட்டா எவனும் படிக்கமாட்டான், ஒளிச்சாத்தான் தேடுவான்.

அடுத்தது, நெருப்புக்கு வக்காலத்து வாங்கத் தெரியணும். குப்பையை எரிச்சா போயிரும்னு சனங்க நினைச்சுக்கிட்டு இருக்குறது உனக்குப் பெரிய சவுகரியம். அதைக் கலைச்சுறாதே. துணி எரியும், எண்ணெய் எரியும். புளூட்டோனியம் எரிஞ்சாலும் புளூட்டோனியந்தான். பாதியாக் குறையுறதுக்கு 24,100 வருசம். எரிச்சாலும் அம்புட்டுத்தான், வீட்டுக்குள்ள வச்சுப் பூசை பண்ணுனாலும் அம்புட்டுத்தான். எரிக்கும்போது பெரும்பங்கு சாம்பலுக்குப் போகும், கொஞ்சம் வடிகட்டியில ஒட்டும், மிச்சம் மீதி புகைபோக்கி வழியா வெளிய போகப் பாக்கும். அந்த மிச்சத்துலதான் சண்டையே. அதோட கதிரு ஒரு காகிதத்தைத் தாண்டாது, நம்ம தோலைத் தாண்டாது. வெளிய கிடந்தா சாது. மூச்சோட உள்ள போயி நுரையீரல்ல உக்காந்துட்டா, பக்கத்துல இருக்குற சதையை ஆயுசுக்கும் சுட்டுக்கிட்டே கிடக்கும்.

அதுக்கு வடிகட்டி இருக்குன்னாக. இருக்குதான். ஹெப்பான்னு பேரு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதுல ஒரு பங்கையும் மூணுல ஒண்ணாக் கிள்ளுனா என்ன இருக்கும், அந்த அளவுத் தூசியில நூத்துக்கு 99.97-ஐப் பிடிச்சிரும். ஒண்ணுக்கு மேல ஒண்ணு வரிசையா வைப்பாக. காயிதக் கணக்குல புகைபோக்கிக்குப் போறது பூஜ்யத்துக்குப் பக்கம். நல்ல சாமான்தான் தம்பி, குறை சொல்லலை. ஆனா ஈரம் பட்டாப் பலம் போகும், சூடு ஏறுனாக் கிழியும், நெருப்புப் பிடிச்சா வடிகட்டியே விறகு. இது என் கற்பனை இல்ல. அதே ராக்கி ஃபிளாட்ஸ்ல 1957 செப்டம்பர்ல தீப்பிடிச்சு, புளூட்டோனியத்தைப் பிடிக்க வச்ச வடிகட்டி வரிசையே எரிஞ்சுபோச்சு. டென்வர்க்காரனுக்கு அந்தச் சேதி முழுசா எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? 1969-ல் ஆலையில இன்னொரு பெரிய தீ விபத்து நடந்து, வெளியாட்கள் சொந்தமா மண்ணைச் சொரண்டிச் சோதிச்சுப் பாத்த பெறகு. பன்னெண்டு வருசம் அவன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கான். 1989-ல் எஃப்.பி.ஐ.யே அந்த ஆலைக்குள்ள சோதனைக்குப் புகுந்துச்சு. நடத்துன கம்பெனி குத்தத்தை ஒத்துக்கிட்டு 1992-ல் ஒரு கோடியே எண்பத்தஞ்சு லட்சம் டாலர் அபராதம் கட்டுச்சு. ஆகக்கூடி, கூட்டத்துல எவனாவது கிழவன் எந்திரிச்சு, வடிகட்டி சரிய்யா, வடிகட்டியைப் பாத்துக்கிறவன் யாருன்னு கேட்டான்னா, நேரமாச்சுன்னு மைக்கை வாங்கிரு.

வடிகட்டியைப் பாத்துக்க வந்த இங்கிலீசுக்காரன் கதை இன்னும் ருசி. 1999 செப்டம்பர்ல, ஐடகோ விவகாரம் சூடாகுற அதே நேரத்துல, இங்கிலாந்துல செல்லாஃபீல்டுல இருக்குற அவுக ஆலையில ஒரு குட்டு உடைஞ்சுது. ஜப்பானுக்கு அனுப்புற அணு எரிபொருள் வில்லையை அளந்து எழுதணும், குறுக்களவு இம்புட்டு இம்புட்டுன்னு. அளக்குற பயலுக்கு அலுப்பு. முந்தின கட்டுல எழுதியிருந்த எண்ணையே எடுத்து இந்தக் கட்டுக்கும் ஒட்டிட்டான். அது கூடுதல் சோதனைதான், இயந்திரம் முன்னமே அளந்திருச்சு, ஆபத்தில்லைன்னு கம்பெனி சொன்னது. இருக்கலாம். ஆனா சரக்கு கப்பலேறிப் போயிருச்சு, ஜப்பான்காரன் வேண்டாம்னுட்டான். 2000 பிப்ரவரியில கம்பெனியோட தலைமை நிர்வாகி ராஜினாமா பண்ணிட்டு வீட்டுக்குப் போனாரு. வில்லையை அளக்கச் சோம்பல்பட்ட கம்பெனிதான் ஐடகோவுல புகையை அளந்து சொல்லப்போகுதுங்கிறதை சனங்க கவனிச்சுட்டாக. நேரம் அப்படி அமையும்யா. உன் கம்பெனி வேற ஊர்ல என்ன பண்ணி வச்சிருக்குன்னு போறதுக்கு முன்னாடி நீயாவது தெரிஞ்சுக்கிட்டுப் போ.

இப்ப யார்கிட்ட கேக்கணுங்கிற விசயத்துக்கு வருவோம். இதுலதான் அவுக கோட்டை விட்டாக. ஐடகோ பக்கம் பாதிக் குடும்பத்துக்கு அந்தக் காட்டுலதான் சம்பளம். வேலை வேணும், குப்பையும் போகணும், 2018 வேற நெருங்குது. அங்க எரிப்புக்கு எதிர்ப்புச் சொன்னவுக இல்லாம இல்ல. ஸ்நேக் ரிவர் அலையன்ஸ்னு ஒரு கூட்டம் 1979-லருந்து தண்ணிக்காகவும் குப்பைக்காகவும் கத்திக்கிட்டே இருந்துச்சு. சாதாரணச் சனங்க, கையைவிட்டுச் செலவு பண்ணி நோட்டீசு அடிக்கிறவுக. சர்க்காரு அவுக பேச்சைப் பணிவாக் கேட்டு, நம்பர் போட்டு, அறிக்கைக்குப் பின்னாடி பிற்சேர்க்கையில பத்திரமா வச்சுக்கும். அம்புட்டுத்தான்.

ஆனா அங்க காத்து பெரும்பாலும் தென்மேற்குலருந்து வடகிழக்கு நோக்கி அடிக்குது. நான் வீட்டுக்கு வெளிய துண்டைக் காயப்போட்டு எத்தனை தடவை துரத்திப் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியும். அந்தக் காத்துப் போற பக்கம் யெல்லோஸ்டோன் காடு, டீட்டன் மலை. மலைக்கு அந்தப் பக்கம் 160 கிலோமீட்டர் வாக்குல வயோமிங் மாநிலத்துல ஜாக்சன்னு ஒரு ஊரு. மாநிலம் வேற. அதனால அந்த ஊரைப் பத்தி யாருக்கும் பெரிய கவலை இல்ல. காத்து மாநில எல்லையில நின்னு அனுமதி கேக்கும்னு நினைச்சாகளோ என்னவோ.

அந்த ஊர்ல யாரு குடியிருக்கான்னாவது பாத்திருக்க வேண்டாமா? சினிமா நடிகரு, பேங்க்காரன், கம்பெனி முதலாளின்னு பெரிய பெரிய ஆளுக லீவுக்கு வந்து தங்க மாளிகை கட்டிப் போட்டிருக்குற ஊரு. அதுலயும் ஜெர்ரி ஸ்பென்ஸ்னு ஒரு வக்கீலு. ஓரமெல்லாம் குஞ்சம் தொங்குற தோல் சட்டையைப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போன ஆளு. ஓக்லஹோமாவுல புளூட்டோனிய ஆலையில வேலை பாத்த கேரன் சில்க்வுட்ங்கிற பொண்ணு, உடம்புல புளூட்டோனியம் ஏறி, பெறகு 1974-ல் கார் விபத்துல செத்துப்போச்சு. அவ குடும்பத்துக்காக 1979-ல் வாதாடி, ஜூரி வாயால ஒரு கோடியே அஞ்சு லட்சம் டாலர்னு சொல்ல வச்சவன் இந்த ஸ்பென்ஸ்தான். அமெரிக்கா முழுக்கத் தேடுனாலும் புளூட்டோனியத்தோட சண்டை போட்டுப் பழகுன வக்கீலு ஒரு கை விரல்ல அடங்கிரும். அதுல ஒருத்தன் வீட்டுப் பக்கமாப் புகைபோக்கியைத் திருப்பி வச்சிருக்காக.

1999-ல் ஜாக்சன்ல கூட்டம் போட்டாக. யெல்லோஸ்டோனை அணுக்கழிவில்லாம வைப்போம்னு சங்கம் ஆரம்பிச்சாக. லட்சக்கணக்குல டாலர் சேந்துச்சு. கேசு போட்டாக. கருத்துக்கேட்பெல்லாம் முடிஞ்சுபோச்சு, இப்ப வந்து கத்துறீங்களேன்னு ஐடகோக்காரனுக்குக் கோவம். பணக்காரப் பயலுக மலையேறி வெளையாடுறதுக்காக எங்க தலையில குப்பையை வச்சுட்டுப் போறதான்னு கேட்டாக. அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்குய்யா. எரிக்கலைன்னா குப்பை கிடக்கப்போறது ஐடகோவுல, ஜாக்சன்ல இல்ல.

2000 மார்ச்சுல எரிசக்தி மந்திரி பில் ரிச்சர்ட்சன் இறங்கி வந்தாரு. எரிப்புலையை நிறுத்தி வைக்கிறோம், எரிக்காம வேற என்ன பண்ணலாம்னு பாக்க நிபுணர் குழு போடுறோம், நீங்க கேசை விடுங்கன்னு சமாதானம். அந்தக் குழு டிசம்பர்ல அறிக்கை குடுத்துச்சு, எரிக்காமச் செய்யுறதுக்கு வழி இருக்குன்னு. இருபது வருசமா நோட்டீசு அடிச்சவன் பிற்சேர்க்கையில கிடந்தான். மலைக்கு அந்தப் பக்கம் லீவுக்கு வர்றவன் மூக்கைச் சுளிச்சதும் மந்திரிக்குக் கேட்டுருச்சு. இதுல உனக்கு ஒரு பாடம் இருக்கு தம்பி. இடம் தேடும்போது சும்மா வரைபடத்தைப் பாக்காதே. காத்துப் போற திசையில யாரு யாருக்குப் பங்களா இருக்குன்னு பட்டா எடுத்துப் பாரு.

பெறகு என்ன ஆச்சுன்னு கேளு. புகைபோக்கி இல்லாமலே ஆலையைக் கட்டுனாக. ரெண்டாயிரம் டன் பலத்துல அமுக்குற இயந்திரத்தை வச்சு, இருநூறு லிட்டர் பீப்பாயை அப்படியே சப்பையா நசுக்கி, அந்தச் சப்பைகளை இன்னும் பெரிய பீப்பாய்க்குள்ள அடுக்கி, நியூ மெக்சிகோ உப்புக்குழிக்கு அனுப்புனாக. அறிக்கையில எழுதி ஓரமா வச்சிருந்த நெருப்பில்லாத வழிக்குச் சொந்தக்காரந்தான் இதுவும்.

எரிக்காம விட்டதால எல்லாம் சுபம்னு நினைச்சுறாதே, கிழவன் ஒருதலையாப் பேசமாட்டான். 2014 பிப்ரவரி 14, அங்க காதலர் தினம். உப்புக்குழிக்குள்ள ஒரு பீப்பாய் வெந்து வெடிச்சுது. லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துல அந்தப் பீப்பாயைக் கட்டுனவுக, ஈரத்தை உறிஞ்ச களிமண்ணுல செஞ்ச பூனை மண்ணைப் போடுறதுக்குப் பதிலா கோதுமையில செஞ்ச பூனை மண்ணைப் போட்டுட்டாக. பூனை மண்ணு தெரியுமா? வீட்டுக்குள்ள வளக்குற பூனை ஒண்ணுக்குப் போறதுக்குத் தட்டுல போட்டு வைக்கிறது. மக வீட்டுல மூட்டை மூட்டையா வாங்குவாக. கோதுமையும் அந்தக் குப்பையில இருந்த நைட்ரேட் உப்பும் சேந்தாச் சூடாகும். நம்ம ஊர்ல வைக்கப்படப்புக்கும் உரமூட்டைக்கும் நடுவுல இடைவெளி விடணும்னு அறியாப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிடங்கு மூணு வருசத்துக்குக் கிட்டத்தட்ட மூடிக்கிடந்துச்சு. 2018 ஏப்ரல்ல ஐடகோவுலயே ராத்திரி நேரம் நாலு பீப்பாய் வெடிச்சுச் சகதி சிதறுச்சு. நல்லவேளை, உள்ள ஆள் இல்ல. 2018 டிசம்பர் கெடுவும் தாண்டிப்போச்சு. கவர்னர் வாங்கி வச்ச கையெழுத்து காயிதத்துல பத்திரமா இருக்கு. அங்க என்னோட நடைக்கு வர்ற ஒரு பெரியவரு, அந்தக் காட்டுல பைப் ஃபிட்டராயிருந்து ஓய்வு பெத்தவரு. எரிச்சிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும்னு இன்னமும் சொல்லுவாரு. அவரு சம்சாரம் ஜன்னலை மூடிக்கிட்டே, அந்த மட்டுக்கும் எரிக்கலைங்கும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்காக.

நம்ம நாட்டுல உனக்கு இம்புட்டுச் சிரமம் கிடையாது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையை எடுத்துப் பாரு, தேசப் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட திட்டம்னா கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம்னு விலக்கு குடுத்து வச்சிருக்காக. பட்டாளத்துக் குப்பைன்னா உன்னை யாரும் கூப்பிடமாட்டாக. மத்ததுக்குத்தான் நீ. ஒரு குவாரிக்குக் கருத்துக் கேட்ட கூட்டத்துக்கு நானும் ஒருக்காப் போயிருந்தேன். வாசல்ல சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்து, வாங்குனதுக்கு ஒரு கையெழுத்துன்னு நீட்டுனான். மறு மாசம் பாத்தா அந்தக் கையெழுத்தெல்லாம் ஆதரவுக் கையெழுத்தா மாறியிருந்துச்சு. பொட்டலத்துல முட்டைகூட இல்லய்யா.

உன் முதல் கூட்டமே நம்ம யூனியன்லதானாமே? உங்கம்மா பெருமையாச் சொல்லிக்கிட்டுப் போனா. நோட்டீசையும் பாத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில பதினோரு மணி, பஞ்சு எடுக்குற நேரம். பலே, தொழிலு உனக்கு ரத்தத்துலயே இருக்கு. நானும் வருவேன். முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வையி, எனக்குக் காது மந்தம். ஆளுக்கு மூணு நிமிசந்தான் பேசணும்னு போட்டிருக்கு. எனக்கு மூணு எதுக்கு, அரை நிமிசம் போதும். ஒப்பந்தத்துல என்னைக்குக் கையெழுத்துப் போட்டீகன்னு மட்டும் கேட்டுட்டு உக்காந்துருவேன். தேதி கையில இருந்தா வாசி. இல்லைன்னா மைக் ரிப்பேருன்னு சொல்லிரு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன், அடுத்த கூட்டத்துக்கு எங்க வீட்டு மைக்கைக் கொண்டாறேன்.